வவுச்சர் இல்லாத பிரமிடு

சென்ற மாதம் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. எதிர் ஃப்ளாட் நண்பரின் பெண் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ‘அங்கிள், நீங்க கண்டிப்பா வரணும், நான்தான் எகிப்து’ என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எகிப்தே வந்து அழைக்கும்போது எப்படி மறுப்பது?

போனேன். ஹாலின் ஒரு மூலையில் தெர்மகோல் பிரமிடு. மேலே மணல் கலர் ஸ்ப்ரே அடித்து, பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் ஒட்டகங்கள். தங்க பேப்பர் ஒட்டிய துட்டன்காமன் முகமூடி. அதற்குப் பக்கத்தில் ஒரு பொடியனுக்கு உடம்பு பூரா பேண்டேஜ் துணி சுற்றி மம்மியாக்கி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பாவம், மூக்கு அரித்தால்கூடச் சொரிய முடியாமல் மம்மி நெளிந்துகொண்டிருந்தது.

“பிரமிடை யாரும்மா கட்டினாங்க?” என்றேன்.

“அடிமைங்க அங்கிள். ஒரு லட்சம் பேர். சாட்டையால அடிச்சு வேலை வாங்கினாங்க. இருபது வருஷம் ஆச்சு.” மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

“சரி. அது உனக்கு எப்படித் தெரியும்?”

அந்தக் குழந்தையின் முகம் மாறிவிட்டது. இந்தக் கேள்வி சிலபஸில் இல்லை. “மிஸ் சொன்னாங்க” என்றாள். மிஸ்ஸைப் பார்த்தேன். “புக்ல இருக்கு சார்” என்றார். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். பேசாமல் ஒரு லட்டை வாங்கித் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த வாரம் உங்களிடம் வருகிறேன்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பி.காம். பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியிருக்கிறேன். அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான். கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதே. ‘வவுச்சர் எங்கே?’ என்று கேள். முதலாளியே வந்து சத்தியம் பண்ணினாலும் வவுச்சர் வேண்டும். வவுச்சர் இல்லாத என்ட்ரி வெறும் கதை.

தொல்லியல் என்பதும் இதேதான், ஐயா. சரித்திரத்துக்கு வவுச்சர் தேடுகிற வேலை. அந்த வேலையைத்தான் எகிப்து பாடத்தில் நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை. தங்கத்தைக் காட்டுகிறோம், மம்மியைக் காட்டுகிறோம், சாபத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறோம். ‘எப்படித் தெரியும்?’ என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறோம். உலகத்தில் அந்தக் கேள்விக்கு எகிப்து அளவுக்குச் சுவையான பதில்களை வைத்திருக்கும் நாடு ரொம்பக் குறைவு. அந்தப் பாடத்தையே மனப்பாடச் செய்யுளாக்கிவிட்டோம் என்பதுதான் என் கோபம்.

அந்த ஒரு லட்சம் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த என்ட்ரியைப் போட்டவர் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்காரர். குஃபு மன்னரின் பெரிய பிரமிடு கட்டப்பட்டது சுமார் கி.மு. 2560 வாக்கில். அதாவது, கட்டி முடித்து இரண்டாயிரம் வருஷம் கழித்து அங்கே போன ஒரு டூரிஸ்ட், உள்ளூரில் கேட்டதை எழுதி வைத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு ஷிப்ட், ஒரு லட்சம் பேர், இருபது வருஷம். அவருக்கும் நமக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைவிட, அவருக்கும் குஃபுவுக்கும் நடுவே இருந்த இடைவெளி கொஞ்சம்தான் குறைவு. சாட்டையும் சங்கிலியும் பெரும்பாலும் பிற்காலத்து ஓவியர்களும் ஹாலிவுட்காரர்களும் சேர்த்த மசாலா.

வவுச்சர் எப்போது கிடைத்தது தெரியுமா? 1990-ல். கிஸாவில் ஸ்ஃபிங்ஸுக்குத் தெற்கே மணலில் போய்க்கொண்டிருந்த ஒரு குதிரை கால் இடறி விழுந்தது. இடறியது ஒரு பழைய மண்கல் சுவர். தோண்டினால், பிரமிடு கட்டிய வேலைக்காரர்களின் கல்லறைகள். ஜாஹி ஹவாஸ் என்ற எகிப்திய ஆய்வாளரின் குழு அவற்றை வெளியே கொண்டுவந்தது. பக்கத்திலேயே மார்க் லேனர் என்ற அமெரிக்கர் அந்த வேலைக்காரர்களின் ஊரையே தோண்டிக்கொண்டிருந்தார். ரொட்டி சுட்ட பேக்கரிகள் கிடைத்தன. படுக்க நீளநீளமான கட்டடங்கள் கிடைத்தன. மாடு, ஆடு எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன.

மாட்டு எலும்பு என்றால் மாட்டுக்கறி. அடிமைக்கு யாராவது தினம் கறிச்சோறு போடுவார்களா? புதைந்து கிடந்தவர்களின் எலும்புகளில் முறிவு இருந்தது. அந்த முறிவைச் சரியாக இணைத்துக் கட்டிப்போட்டு ஆற வைத்த அடையாளமும் இருந்தது. அதாவது, வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ராஜாவின் பிரமிடு நிழலிலேயே, ரொட்டியும் பீர் ஜாடியும் வைத்து, மரியாதையாக அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். போதாததற்கு, கற்களில் கேங் கேங்காகப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். ‘குஃபுவின் நண்பர்கள்’ என்று ஒரு கோஷ்டி. ‘மென்கௌரேயின் குடிகாரர்கள்’ என்று இன்னொரு கோஷ்டி. நம்ம ஊர் கிரிக்கெட் டீம்கூட இவ்வளவு தைரியமாகப் பெயர் வைக்காது.

அதோடு முடியவில்லை. 2013-ல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழுவுக்குப் பாப்பிரஸ் தாள்கள் கிடைத்தன. இதுவரை கிடைத்த எழுத்துள்ள பாப்பிரஸ்களிலேயே பழையவை. அதில் ஒன்று மெரெர் என்ற மேஸ்திரியின் டைரி. படகில் ஆட்களோடு துரா குவாரிக்குப் போனேன், சுண்ணாம்புக்கல் ஏற்றினேன், பிரமிடுக்குக் கொண்டுபோய் இறக்கினேன், ராத்திரி இங்கே தங்கினேன். தினசரி லாக் புக். கூடவே தானியம், ரொட்டி வரவு பற்றிய கணக்குத் தாள்களும் உண்டு. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பேரேடு! ஒரு பி.காம். காரன் கண்ணில் நீர் வராமல் என்ன செய்யும்?

அதற்காக, அடிமை இல்லை என்றால் ஜாலியாகக் கூலி வேலை பார்த்தார்கள் என்று அடுத்த கதையைக் கட்டிவிடாதீர்கள். ராஜா கூப்பிட்டால் போய்த்தான் ஆகவேண்டும் என்ற கட்டாய முறை அங்கே இருந்தது. நிறையப் பேர் அப்படித்தான் வந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். முதுகெலும்பு தேய்ந்து போனவர்களும் அந்தக் கல்லறைகளில் உண்டு. ‘அடிமை’க்கும் ‘சுதந்திரத் தொழிலாளி’க்கும் நடுவே ஏதோ ஒரு நிலை. இந்தச் சிக்கலைப் பன்னிரண்டு வயதுக் குழந்தையால் புரிந்துகொள்ள முடியாது என்கிறீர்களா? லீவு நாளில் ஸ்பெஷல் கிளாசுக்குக் கூப்பிட்டால் போய்த்தான் ஆகவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? நம்மைவிட நன்றாகவே புரியும்.

நான் சொல்ல வருவது இதுதான். எதிர் ஃப்ளாட் பெண்ணுக்கு நாம் கொடுத்தது ஒரு பதில். அது காலாவதியான பதில். 1990-ல் குதிரை இடறியபோதே தேதி முடிந்துவிட்டது. சரியான பதிலை இன்று கொடுத்தாலும், நாளைக்கு இன்னொரு குதிரை இடறும். குழந்தைக்குப் பதிலை மட்டும் கொடுத்தால் அது ஒருநாள் கெட்டுப்போகும். பதில் எப்படி வந்தது என்பதைக் கொடுத்தால் கெடாது.

அடுத்து மம்மி. இது இல்லாமல் எகிப்து கிளாஸ் நடத்தவே முடியாது என்கிறார்கள். சரி, மம்மியை வைத்தே பேசுவோம். 1908-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் மார்கரெட் மர்ரே என்ற அம்மையார் சுமார் ஐந்நூறு பேர் முன்னிலையில் ஒரு மம்மியின் துணியைப் பிரித்தார். கல்கத்தாவில் பிறந்தவர் இவர். அந்தக் கல்லறையில் இரண்டு மம்மிகள் இருந்தன. நக்த்-ஆங்க், க்னும்-நக்த். பெட்டிகளில் எழுதியிருந்தபடி இருவருக்கும் ஒரே அம்மா. ஆனால் எலும்புகளைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம். அண்ணன் தம்பி மாதிரியே தெரியவில்லை, ஒருவேளை தத்தோ என்று நூறு வருஷமாகப் பேச்சு. 2018-ல் பல்லில் இருந்து மரபணு எடுத்துச் சோதித்த முடிவு வந்தது. அம்மா ஒன்று. அப்பா வேறு வேறு.

பார்த்தீர்களா? மம்மியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேண்டேஜ் சுற்றி நாற்காலியில் உட்கார வைத்தால் அது பொம்மை. பெயர், அம்மா, பெட்டியில் எழுத்து, எலும்பு, பல், நூற்றுப் பத்து வருஷச் சந்தேகம், கடைசியில் ஒரு முடிவு என்று சொன்னால் அது பாடம். அதைவிட முக்கியம், அது ஒரு மனுஷனின் உடம்பு என்ற நினைப்பும் வரும். ஒரு காலத்தில் மம்மியைப் பொடி செய்து மருந்தாகத் தின்றிருக்கிறார்கள், பெயின்ட்டில் கலந்திருக்கிறார்கள். எகிப்து அரசாங்கம் 2021 ஏப்ரலில் 22 ராஜா ராணி மம்மிகளைக் கெய்ரோவில் ஒரு மியூசியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது பீரங்கி மரியாதையோடு ஊர்வலமாகக் கொண்டுபோனது. சொந்தக்காரர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் குழந்தைகள் பார்க்க வேண்டாமா?

இப்போது சாபம். இதற்கு என் தொழில்காரர்கள் சார்பில் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 1922 நவம்பர் 4-ந் தேதி ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள் துட்டன்காமன் கல்லறையின் முதல் படியைக் கண்டுபிடித்தார்கள். செலவுக்குப் பணம் போட்ட கார்னர்வன் பிரபு, செய்தி உரிமையை லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு மட்டும் விற்றுவிட்டார். மற்ற நிருபர்கள் கல்லறை வாசலில் வெயிலில் காய்ந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, ஊரில் இருக்கும் எடிட்டர் விடமாட்டார். என்ன செய்வார்கள், பாவம்? 1923 ஏப்ரல் 5-ல் கார்னர்வன் இறந்தார். கொசு கடித்த இடம் ஷேவ் பண்ணும்போது வெட்டுப்பட்டு, சீழ் வைத்து, நிமோனியா. பத்திரிகைகளுக்கு விடிந்தது. சாபம் பிறந்தது. ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் வேறு வந்து ஒத்து ஊதினார்.

கல்லறையில் அப்படி ஒரு சாப வாசகம் எழுதியிருக்கவே இல்லை. உள்ளே முதலில் நுழைந்தவர்களில் ஒருவர் கார்னர்வனின் மகள் ஈவ்லின். அவர் இறந்தது 1980-ல். கார்ட்டரே 1939 வரை இருந்தார். 2002-ல் மார்க் நெல்சன் என்ற ஆய்வாளர், அந்தக் காலத்தில் அங்கே இருந்த 44 மேல்நாட்டவர்களின் பட்டியலை எடுத்து, கல்லறைப் பக்கம் போனவர்கள் போகாதவர்களைவிடச் சீக்கிரம் செத்தார்களா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். சாபத்துக்கு ஆதாரமில்லை என்று மருத்துவ இதழிலேயே எழுதிவிட்டார். ஆனாலும் இன்றைக்கும் ஒரு ஸ்கூல் கண்காட்சியில் சாபத்துக்குத் தனி சார்ட் இருக்கிறது. பத்திரிகை எப்படி ஒரு பொய்யை உண்டாக்குகிறது என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? அதைப் பேய்க்கதையாக வீணடிக்கிறோம்.

குழந்தைகளை மட்டும் சொல்வானேன்? பெரியவர்கள் நாம் என்ன லட்சணம்? ‘பிரமிடை வேற்றுகிரகவாசிகள்தான் கட்டினார்கள்’ என்று ஃபார்வர்டு அனுப்பாத உறவினர் உங்களுக்கு உண்டா? எனக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு சித்தப்பா இருக்கிறார். ரிட்டயர்டு இன்ஜினீயர். ‘அத்தனை கல்லை மனுஷனால தூக்க முடியாதுடா’ என்கிறார். தன் சர்வீஸில் எத்தனை பாலம் கட்டினார் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். நாம் கட்டினால் இன்ஜினீயரிங், எகிப்தியர் கட்டினால் விண்கலமா? இதில் ஓர் அவமரியாதை ஒளிந்திருக்கிறது. ரோமாபுரி அரங்கத்தை வேற்றுகிரகவாசி கட்டியதாக இவ்வளவு சத்தமாக யாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா? சுவிட்சர்லாந்துக்காரர் வான் டேனிகன் 1968-ல் ஆரம்பித்து வைத்த வியாபாரம் இன்னும் படுத்தபாடில்லை.

படித்தவர்களைப் பிடிக்கிற இந்த வியாதிக்கு நல்ல மருந்தும் எகிப்திலேயே இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் பியாஸி ஸ்மித் என்று ஒருவர். ஸ்காட்லாந்தின் அரசு வானியலாளர். சாதாரண ஆசாமி இல்லை. பெரிய பிரமிடின் அளவுகளில் கடவுளே ரகசியத்தைப் பொதித்து வைத்திருக்கிறார், அதற்கென்று தனியாக ‘பிரமிடு அங்குலம்’ இருக்கிறது என்று 1864-ல் புத்தகம் போட்டார். ஃப்ளிண்டர்ஸ் பெட்ரீ என்ற இளைஞருக்கு அதில் ஈடுபாடு. நாமே போய்ச் சரியாக அளந்துவிட்டு வருவோம் என்று 1880-ல் கிளம்பினார். ஒரு காலிக் கல்லறையில் தங்கி, இரண்டு சீசன் அளந்தார். அளந்து முடித்தபோது தத்துவம் பொடிப்பொடியாகிவிட்டது. பிரமிடு அங்குலமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. 1883-ல் அதை அப்படியே அச்சில் போட்டார். நம்பிக்கையோடு போனவர், அளவுகோல் சொன்னதைக் கேட்டுத் திரும்பினார். இந்த ஒரு கதையை என் சித்தப்பாவுக்கு இருபது வயதில் யாராவது சொல்லியிருந்தால், எனக்கு எத்தனையோ ஃபார்வர்டு மிச்சமாகியிருக்கும்.

அதே பெட்ரீ பின்னால் இன்னொன்று செய்தார். ராஜாக்கள் காலத்துக்கு முந்தைய நூற்றுக்கணக்கான கல்லறைகள். எழுத்து இல்லை, தேதி இல்லை. வெறும் பானைகள். எது முன்னால், எது பின்னால்? ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு அட்டைத் துண்டு போட்டு, அதில் என்னென்ன பானை இருந்தது என்று குறித்தார். பானைகளின் கைப்பிடி மாறிக்கொண்டே வந்ததைக் கவனித்தார். ஆரம்பத்தில் தூக்குவதற்கு உதவிய அலை அலையான பிடி, போகப் போகச் சுருங்கிக் கடைசியில் வெறும் கோடாகிவிட்டது. அதை வைத்து அட்டைகளை வரிசைப்படுத்திக் காலக்கிரமம் உண்டாக்கினார். 1899-ல் வெளியான இந்த முறையைத் தங்கம் கிடைத்ததைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்பேன் நான்.

இதை ஆறாவது படிக்கும் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்கிறீர்களா? உங்கள் வீட்டு அலமாரியைத் திறங்கள். செத்துப்போன செல்போன்கள் நாலைந்து கிடக்கும். ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் செங்கல், பட்டன் போன், மடக்கு போன், பாதி பட்டன் பாதி ஸ்கிரீன், முழு ஸ்கிரீன். தேதி சொல்லாமல் குழந்தையிடம் கொடுத்து, எது முதலில் வந்தது என்று அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கிய பிறகு ‘ஏன் இப்படி அடுக்கினே?’ என்று கேளுங்கள். அவ்வளவுதான். உங்கள் பிள்ளை பெட்ரீயின் வேலையைச் செய்துவிட்டது. செலவு பூஜ்ஜியம். தெர்மகோலும் மிச்சம்.

பெட்ரீயின் குழு 1913 வாக்கில் தர்கான் என்ற இடத்திலிருந்து ஒரு மூட்டை அழுக்குத் துணியையும் லண்டனுக்கு அனுப்பியது. யாரும் பிரிக்கவில்லை. 1977-ல்தான் சுத்தம் பண்ணுவதற்காகப் பிரித்தார்கள். உள்ளே ஒரு சட்டை. முழங்கையிலும் அக்குளிலும் மடிப்பு விழுந்திருந்தது. யாரோ போட்டுக் கழற்றிய சட்டை. கார்பன் சோதனைப்படி ஐயாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. நெய்த துணியில் தைத்த ஆடைகளில் இதுவரை கிடைத்ததிலேயே மிகப் பழையது என்கிறார்கள். தங்க முகமூடியைப் பார்த்தால் ‘எவ்வளவு விலை இருக்கும்?’ என்று தோன்றும். இந்தச் சட்டையைப் பார்த்தால் ‘யார் போட்டிருப்பார்கள்?’ என்று தோன்றும். எந்தக் கேள்வியோடு குழந்தை வீட்டுக்கு வரவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்த வவுச்சர் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் பலகை. இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் 40-ம் வருஷம், ராஜாக்களின் கல்லறைகளைக் குடைந்த டெய்ர் அல்-மதீனா ஊர்க்காரர்களின் மஸ்டர் ரோல். நாற்பது பேர், 280 நாள். யார் எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று காரணத்தோடு எழுதியிருக்கிறது. தேள் கொட்டிவிட்டது. கண் வலி. அம்மா இறந்துவிட்டார். வீடு கட்டுகிறான். பீர் காய்ச்சுகிறான். மூவாயிரத்து இருநூறு வருஷத்து லீவு லெட்டர்கள்! எந்தக் குழந்தைக்கு இது போரடிக்கும்? எந்த கவர்மென்ட் ஊழியருக்குப் போரடிக்கும்? அதே ஊர்க்காரர்கள் பிற்பாடு, மூன்றாம் ராம்சேஸின் 29-ம் ஆட்சி வருஷத்தில், சம்பள தானியம் வரவில்லை என்று வேலையைப் போட்டுவிட்டு, கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் நமக்குத் தெரிந்து இதுதான் முதல். டுரின் நகரத்தில் அந்தப் பாப்பிரஸ் இருக்கிறது. தொழிற்சங்கத் தோழர்களுக்கு மாலை வகுப்பு நடத்தினால் எகிப்தை இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

மாலை வகுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மார்கரெட் மர்ரே அம்மையார், கல்லூரி மாணவர்களோடு வேலைக்குப் போகும் சாதாரண ஜனங்களுக்கும் எகிப்தியல் வகுப்பு எடுத்தவர். நாவல் எழுதி, நைல் நதியில் ஊர் சுற்றிய அமீலியா எட்வர்ட்ஸ் 1882-ல் சேர்ந்து தொடங்கிய எகிப்து ஆய்வு அமைப்பு, இன்றும் சந்தா கட்டுகிற பொதுஜனங்களுக்குப் பேச்சும் வகுப்பும் நடத்திக்கொண்டிருக்கிறது. ரிட்டயர் ஆன தபால்காரரும் ஹைரோகிளிஃப் கற்கலாம் என்பது அங்கே அதிசயம் இல்லை. பெரியவர்களின் படிப்பு என்றால் நமக்கு ஒன்று பிரமோஷன் பரீட்சை, இல்லாவிட்டால் யோகா.

இவ்வளவு பேர் சொன்னேனே, பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் என்று உங்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தாவிட்டால், நமக்குச் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி. 1869-ல் கெய்ரோவில் எகிப்தியர்களுக்கென்று ஒரு எகிப்தியல் பள்ளி ஆரம்பித்தார் ப்ருக்ஷ் என்ற ஜெர்மானியர். தொல்பொருள் துறைத் தலைவராக இருந்த பிரெஞ்சுக்காரர் மாரியெட், அங்கே படித்தவர்களை வேலைக்கு எடுக்கவில்லை. கல்வெட்டைப் பிரதி எடுக்கக்கூட மியூசியத்தில் அனுமதி இல்லை. அதில் படித்த அகமது கமால் பிற்பாடு எப்படியோ துறைக்குள் நுழைந்து, 22 தொகுதி அகராதி எழுதினார். 1923-ல் அவர் இறந்தபோது அது அச்சாகவில்லை. 1952 வரை அந்தத் துறைக்குத் தலைவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். சொந்தத் தாத்தாவின் உயிலைப் படிக்கப் பேரனுக்கு அனுமதி இல்லை!

துட்டன்காமன் கல்லறைப் புகைப்படங்களை உற்றுப் பாருங்கள். கார்ட்டர் தெரிவார். பின்னால் கூடையில் மண் சுமந்து வரிசையாகப் போகும் உள்ளூர்ச் சிறுவர்களும் தெரிவார்கள். ஆறாவது, ஏழாவது படிக்கிற வயசுதான். தலைமை மேஸ்திரிகள் நாலு பேருக்குக் கார்ட்டர் புத்தகத்தில் பெயர் சொல்லி நன்றி எழுதினார். அகமது கெரிகர் அவர்களில் ஒருவர். அந்தச் சிறுவர்களின் பெயர் எதிலும் இல்லை. ‘கண்டுபிடித்தவர் யார்?’ என்று ஒரு மார்க் கேள்வி வருகிறது. ஒரே பெயரை எழுதினால்தான் மார்க்.

எகிப்துக்காரர்கள் இப்போது விழித்துக்கொண்டார்கள். 2025 நவம்பரில் பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தை முறைப்படி திறந்தார்கள். துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துச் சொச்சம் பொருள்களும் முதல் முறையாக ஒரே இடத்தில். குழந்தைகளுக்கென்றே தனி மியூசியமும் உள்ளே இருக்கிறது.

‘சார், எகிப்து நமக்கு எதுக்கு? கீழடி பத்தி எழுதக்கூடாதா?’ என்று ஒரு வாசகர் பேனாவை எடுப்பது தெரிகிறது. எகிப்தின் செங்கடல் கரையில் குசெய்ர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கணன், சாதன் என்று நம் ஆட்களின் பெயர்கள். இன்னொரு ஓட்டில் ‘பானை ஒறி’ என்று இருப்பதாக ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறி என்றால் பாட்டி வீட்டு உறி. பெரெனிகே துறைமுகத்தில், இந்தியாவில் செய்த ஒரு ஜாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. எகிப்து நமக்கு எதுக்கு என்றால், நம்மைப் பற்றிய வவுச்சர் சில அந்த ஊர் மண்ணில்தான் இருக்கிறது. அதுவும் ராஜாவின் தங்கத்தில் இல்லை, உடைந்த பானையில். தங்கத்தை மட்டும் தேடியிருந்தால் சாதன் காணாமலே போயிருப்பான். வவுச்சர் கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளை கீழடிக்கும் அதே கேள்வியோடுதான் போகும். அது கீழடிக்கும் நல்லது.

‘நாற்பது நிமிஷ பீரியட், மூணு பக்கப் பாடம், அறுபது பிள்ளைங்க. இதில் குதிரையும் மாட்டு எலும்புமா?’ ஆசிரியர்களின் இந்தக் கேள்விக்கு என்னிடம் கெட்டிக்காரப் பதில் கிடையாது. நியாயம்தான். நம் மாநிலத்தின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில்கூட எகிப்து, மெசபடோமியா, சீனா, சிந்துவெளி எல்லாம் ஒரே அத்தியாயம். இங்கிலாந்தில் 2014-ல் வந்த பாடத்திட்டத்தில், தொடக்கப் பள்ளியிலேயே சுமேரியா, சிந்துவெளி, எகிப்து, ஷாங் சீனா நாலில் ஏதாவது ஒன்றை எடுத்து ஆழமாகப் படி என்கிறார்கள். நாம் நாலையும் ஓட்டமாக ஓடிக் கடக்கிறோம்.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாடத்தை மாற்றவேண்டாம். எகிப்து பீரியடில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது ஒன்று. அதற்குக் கீழே ‘இது எப்படித் தெரியும்?’ என்று போர்டில் எழுதுங்கள். பத்து நிமிஷம் போதும். பதில் தெரியாவிட்டால், தெரியாது, தேடுவோம் என்று சொல்லுங்கள். மிஸ்ஸுக்கே தெரியாதது ஒன்று இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று தெரிகிற அன்றைக்குத்தான் குழந்தைக்குப் படிப்பு ஆரம்பிக்கிறது. பெற்றோரே, கடையில் ரெடிமேட் பிரமிடு வாங்குவதை நிறுத்துங்கள். அதில் உங்கள் குழந்தை கற்றுக்கொள்வது பில் போடாமல் வியாபாரம் செய்வது எப்படி என்பதை மட்டும்தான்.

கண்காட்சி முடிந்த மறுநாள் எதிர் ஃப்ளாட் பெண்ணிடம் குதிரைக் கதையையும் மெரெர் டைரியையும் லீவு லெட்டர்களையும் சொன்னேன். கண்ணை விரித்துக் கேட்டாள். பீர் காய்ச்ச லீவு போட்டவனை நினைத்து நினைத்துச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலிங் பெல் அடித்தது. அவள்தான்.

“அங்கிள், அந்தக் குதிரை தடுக்கி விழுந்துச்சுன்னு சொன்னீங்களே. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

திருதிருவென்று விழித்தேன். எங்கேயோ படித்ததுதான். வவுச்சர்? இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்கிறாள்.